வேஷத் தலையை உள்ளிருந்து கட்டுதல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றில் நாங்கள் ஃபோமில் மிருகத் தலைகளும் பூத முகங்களும் செய்து வருகிறோம். எங்கள் தொழிலில் ஆர்டர் மேற்கிலிருந்து வரும், சரக்கு கிழக்கிலிருந்து வரும். ஓண ஊர்வலம், கோயில் பூரம், சர்ச்சுகளின் கிறிஸ்துமஸ் ஊர்வலம், பள்ளி ஆண்டுவிழா என்று கேட்டு வருபவர்கள் பாலக்காடு, திருச்சூர் பக்கத்தவர்கள். ஃபோம், ஃபர் துணி, பசை எல்லாம் கோவையிலும் பொள்ளாச்சியிலும் வாங்குகிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் கேட்பவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கேரளத்தில் முகம் கட்டி ஆடுவது புதிதல்ல. திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாள் நகர நடுவிலுள்ள சுவராஜ் ரவுண்டு சாலையில் இறங்கும் புலி வேஷக்காரர்கள் உடல் முழுவதும் வண்ணம் பூசி, முகத்துக்கு மட்டும் முகமூடி அணிகிறார்கள். கும்மாட்டி என்னும் முகமூடி ஆட்டக்காரர்கள் உடலில் பர்ப்படகப் புல்லைக் கட்டிக்கொண்டு, மரத்தில் செதுக்கிய முகங்களோடு வருகிறார்கள். இவற்றில் முகமூடி முகத்தின் முன்னால் நிற்கிறது. பின்தலையும் காதும் காற்றில் இருக்கின்றன. ஃபோம் தலை அப்படிப்பட்டதல்ல. அது ஆளை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. ஆகவே அதைச் செய்பவர், அது வெளியே எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்கு முன்பே, அதற்குள் நிற்பவர் எவ்வளவு எடையைத் தாங்குவார், எதைப் பார்ப்பார், எதை மூச்சாக இழுப்பார் என்று முடிவுசெய்துவிட வேண்டும். விழாக் கமிட்டிக்காரர்கள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை அடி உயரம்?" என்பதுதான். நாங்கள் திருப்பிக் கேட்பது, "யார் போடப்போகிறார்கள், எவ்வளவு நேரம்?"

முதலில் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பொதுவாக ஃபோம் என்று சொன்னாலும் எங்கள் கொட்டகையில் இரண்டு வகை புழங்குகின்றன. ஒன்று சோபாவுக்கும் மெத்தைக்கும் போடும் பாலியூரித்தேன் ஃபோம். மற்றது செருப்புக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. சீட். முதலாவது காற்றை உள்வாங்கி விடும், அமுக்கினால் அமுங்கி எழும், தலையின் உடற்கட்டுக்கு ஏற்றது. இரண்டாவது மூடிய நுண்ணறைகள் கொண்டது, தண்ணீரை உறிஞ்சாது, சூடு காட்டினால் வளைந்து அப்படியே நிற்கும். பல், கொம்பு, நகம், மூக்கு நுனி, கவசம் ஆகியவற்றுக்கு அதுவே சரி. பாலியூரித்தேனைச் சூடு காட்டி வளைக்க முயலக்கூடாது. அது வளையாது, கருகும். கருகினால் வரும் புகை நஞ்சு.

சோபா ஃபோமை டென்சிட்டி எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். 23, 28, 32, 40 என்று கடையில் சொல்லும் எண், ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதைக் குறிக்கிறது. 6 அடிக்கு 3 அடி, 1 அங்குலத் தடிமன் உள்ள சீட் 32 டென்சிட்டியானால் ஏறக்குறைய 1.36 கிலோ இருக்க வேண்டும். 23 ஆனால் 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். என்னுடன் வேலை செய்யும் மூத்தவர் பொள்ளாச்சியில் குஷன் கடையில் தொழில் படித்தவர். கையால் அமுக்கிப் பார்த்து நான் தலையாட்டும்போதெல்லாம் அவர், "தராசுல வைங்க தம்பி, அது பொய் சொல்லாது" என்பார். கெட்டியாக இருப்பதும் டென்சிட்டி கூடுதலாக இருப்பதும் ஒன்றல்ல. டென்சிட்டி குறைந்த ஃபோமையும் கெட்டியாக வார்த்துவிட முடியும். அப்படிப்பட்ட சரக்கு, கையில் பிடிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், சில திருவிழாக்களிலேயே தொய்ந்துவிடும்.

நாங்கள் மண்டைக்கு 1 அங்குல 28 அல்லது 32 டென்சிட்டியும், கன்னம், புருவம் போன்ற மேடுகளுக்கு 23 டென்சிட்டியும் வைக்கிறோம். மேடுகள் எதையும் தாங்குவதில்லை. அங்கே கனமான ஃபோமை வைப்பது கழுத்துக்குச் செய்யும் துரோகம். துணியும், போடுபவரின் தலையில் பொருந்தும் உள்தொப்பியும் சேர்த்து மொத்தத் தலை 2 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வரம்பு. சிங்கம், கரடி, ஓநாய் போன்று முகவாய் முன்னே நீண்ட தலைகளில் எடையைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிவிடும். 300 கிராம் மூக்கு முன்னே துருத்தி நின்றால் போட்டவர் சிறிது நேரத்திலேயே தலையைப் பின்னுக்குச் சாய்த்து நடக்கத் தொடங்குவார். சிங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகும். இதற்கு நாங்கள் செய்வது எளிது: உள்ளே வைக்கும் விசிறிக்கான பவர் பேங்கைப் பிடரிப் பக்கத்தில் தைத்த பையில் வைத்துவிடுகிறோம். எப்படியும் சுமக்க வேண்டிய எடை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

மண்டையின் அளவைக் கணக்குப் போட்டுத்தான் வெட்ட வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள உருண்டை மண்டை வேண்டுமென்றால் சுற்றளவு 126 செ.மீ. வரும். அதைக் குடைத் துணிபோல 6 இதழ்களாகப் பிரித்தால் ஒவ்வொரு இதழும் அடியில் 21 செ.மீ. அகலம், உச்சிவரை 31 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான நீளம். இதழின் இரு ஓரங்களும் நேர்கோடாகப் போகாமல் சற்று வெளியே புடைத்து வளைந்து உச்சியில் கூராக முடிய வேண்டும். நேராக வெட்டினால் கிடைப்பது கூம்பு. இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் கணக்கு ஒன்று உண்டு. 1 அங்குல ஃபோமை வளையமாக்கினால் வெளிச்சுற்று உட்சுற்றைவிட ஏறக்குறைய 16 செ.மீ. கூடுதலாக இருக்கும். மண்டை பெரியதோ சிறியதோ, இந்த 16 மாறாது. நாம் வெட்டிய அளவு தடிமனின் நடுப்பகுதிக்குத்தான் பொருந்தும். உட்புறம் 8 செ.மீ. சுருங்கி நிற்கும், வெளிப்புறம் 8 செ.மீ. விரிந்து நிற்கும். எனவே உள்ளளவு இறுகாமல் இருக்க 8 செ.மீ. கூட்டி வெட்ட வேண்டும். ஃபோமுக்கு வெட்டிய வடிவத்தாளையே வைத்து ஃபர் துணியையும் வெட்டக்கூடாது. ஒட்டி முடித்த மண்டையின் மேல் புதிதாக அளவெடுக்க வேண்டும்.

உருண்டை அல்லாத முகங்களுக்கு வேறு வழி உண்டு. களிமண்ணிலோ செய்தித்தாளைச் சுருட்டியோ முகத்தின் ஒரு பாதியை மட்டும் செய்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கு மேல் காகித டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, எங்கெங்கே வளைவு திரும்புகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டு, எதிரெதிர் ஓரங்களில் பொருந்த வேண்டிய இடங்களுக்குச் சிறு குறிகள் இட்டபின் கோட்டோடு வெட்டிப் பிரித்தால், வடிவம் தட்டையாகக் கைக்கு வந்துவிடும். மறுபாதிக்கு அதையே புரட்டிப் போட்டு வரைந்தால் போதும். இரண்டு பாதியையும் தனித்தனியாகச் செய்தால் முகம் கோணும். வரைவதற்குச் சாக்கட்டியோ பால்பாயிண்ட் பேனாவோ போதும். அழியாத மார்க்கர் மையை ஃபோமின் மேற்பரப்பில் பயன்படுத்தக்கூடாது. அதன்மேல் லேடெக்ஸோ (ரப்பர் பால்) வெளிர் வண்ணமோ பூசினால் சில வாரங்களில் கோடு மேலே ஊறி வந்து நிற்கும்.

வெட்டும்போது பிளேடைச் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடை முழு நீளத்துக்கு நீட்டி, அமுக்காமல், நீண்ட இழுப்பாக இழுக்க வேண்டும். தடித்த ஃபோமைக் கத்தரியால் வெட்டினால் கத்தரியின் வாய் அதை அமுக்கிக்கொண்டே வெட்டும். விட்டதும் ஓரம் நடுவில் குழிந்து எழும், பிறகு எந்த ஓரத்தோடும் அது பொருந்தாது. மூத்தவர் ஆக்சா பிளேடைத் தீட்டிச் செய்த நீளக் கத்தியால் 4 அங்குல ஃபோமைக்கூடச் சுவர்போல நிமிர்ந்த ஓரத்தோடு வெட்டிவிடுவார். கத்தரி பயன்படுவது பிற்பாடு, மேடுபள்ளங்களைச் செதுக்கும்போது. நுனி வளைந்த சிறு கத்தரியால் அரிசி அளவு துண்டுகளாகக் கொத்தி எடுத்துக்கொண்டே போனால் கன்ன எலும்பும் மூக்கின் சுருக்கமும் மெதுவாகத் தெரியத் தொடங்கும். ஒரே வெட்டில் எடுத்துவிடலாம் என்ற அவசரம் வரும் நேரத்தில் எழுந்து டீ குடித்துவிட்டு வருவது நல்லது.

ஒட்டுவதில்தான் தலையின் ஆயுள் இருக்கிறது. வெள்ளை ஃபெவிகால் ஃபோமின் உட்புறத்தில் காய நாட்கள் எடுக்கும். காய்ந்த பிறகும் இணைப்பு எலும்புபோல விறைத்து நிற்கும். ஒட்டுத் துப்பாக்கியின் சூட்டுக் கோந்து உடனே பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஏப்ரல் வெயிலில் மூடிய வேனுக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தால் இளகிக் கழன்றுவிடும். குஷன் கடைகளில் எஸ்.ஆர். என்று சொல்லும் ரப்பர் பசைதான் பொருத்தம். இரண்டு ஓரங்களிலும் மெல்லிதாகப் பூசி, விரல் நுனியால் தொட்டால் இழை எழாத பதம் வரும்வரை 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, குறிகளைப் பார்த்து ஒரு முனையிலிருந்து சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சேர்ந்த இடத்தைப் பிரிக்க நினைத்தால் ஃபோம்தான் கிழியும், பசை விடாது. நீளமான ஓரங்களில் முதலில் இரு முனைகளையும் நடுவையும் தொட்டுவைத்து, பிறகு இடைவெளிகளைச் சேர்த்தால் மிச்சம் விழாது.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஓணம் மலையாளச் சிங்க மாதத்தில் (ஆவணி) வருவதால் வேலை முழுவதும் கர்க்கடக (ஆடி) மழையில்தான் நடக்கிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி பாலக்காட்டின் மற்ற இடங்களைப் பார்க்க மழை குறைந்ததுதான். ஆனாலும் அந்த மாதத்தில் காற்றில் ஈரம் இருக்கும். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஒட்டினால் பிடிக்காது. மழை கொட்டும் நேரத்தில் பசை வேலையை நிறுத்திவிட்டு வெட்டும் வேலையைப் பார்ப்பது, நண்பகலுக்கு மேல் மட்டும் பசையை எடுப்பது, பூசிய துண்டுகளைத் தரையில் வைக்காமல் பலகையில் வைப்பது என்று வேலையை மாற்றி அடுக்கிக்கொண்டோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னொரு தொல்லை. மேற்கிலிருந்து அது விடாமல் வீசும் மாதங்களில் புழுதி பறந்து வந்து பசைமேல் உட்காரும். அதற்காகக் கதவை அடைத்துக்கொள்ளவும் முடியாது. பசையிலிருந்து எழும் ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். மேற்குப் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, கிழக்குக் கதவைத் திறந்துவைக்கிறோம். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். பசை காய்ந்துகொண்டிருக்கும் அறையில் ஹீட் கன், ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. ஈ.வி.ஏ. சூடாக்கும் வேலைக்கு நாங்கள் வேறு திண்ணையை ஒதுக்கியிருக்கிறோம்.

இதே பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு என்று பற்களைத் தெர்மாகோலில் செதுக்கி எஸ்.ஆர். தடவினால் பல் கண்ணெதிரே உருகிப் பள்ளமாகும். பல்லுக்கு 10 மி.மீ. ஈ.வி.ஏ. சீட்டை அடுக்கி ஒட்டி, தேய்த்து, மேற்பரப்பு மெல்லிதாகப் பளபளக்கும்வரை சூடு காட்டினால் நுண்துளைகள் அடைபடும். அதன்மேல் தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகாலை இரண்டு மூன்று முறை பூசிக் காயவிட்டு அக்ரிலிக் வண்ணம் அடித்தால் வெடிக்காது.

முகத்தில் கண்தான் உயிர் என்பார்கள், ஆனால் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் மிருகத்தின் வாய் வழியாகத்தான் பார்க்கிறார். பெரிய தலையில் மிருகத்தின் கண்கள் போட்டவரின் நெற்றிக்கு மேலே போய்விடும். எனவே வாயை எந்த உயரத்தில் திறப்பது என்பதை, போடப்போகிறவரை நிறுத்திவைத்து அளந்தே முடிவு செய்கிறோம். வாய்க்குள் சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையைக் கறுப்பாக்கி வைக்கிறோம். இருட்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்க்கலாம், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் பார்க்க முடியாது என்பதுதான் இதன் சூத்திரம். வலையின் வெளிப்பக்கம் சிவப்போ இளஞ்சிவப்போ அடித்தாலும், உட்பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். தலையின் உள்சுவர் முழுவதும் கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வண்ணத்தைத் தூரிகையால் இழுத்தால் வலைத் துளைகள் அடைபடும். ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். இப்போதெல்லாம் கண் எரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். எல்.ஈ.டி. விளக்கின் ஒளி ஒரு சொட்டுகூட உள்ளே கசியக்கூடாது. கசிந்தால் உள்ளிருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது, கூட்டத்துக்கு அவர் முகம் தெரிந்துவிடும். எரியும் கண்ணைவிடக் குழிந்த கண் எனக்குப் பிடித்தமானது. கண்ணை உருண்டையாக வெளியே தள்ளாமல் கிண்ணம்போல உள்ளே குழித்து, கருவிழியை அந்தக் குழியின் அடியில் வரைந்தால், பார்ப்பவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது அவரையே பார்ப்பதுபோல் இருக்கும். குழந்தைகள் இடமும் வலமும் ஓடி ஓடிச் சோதித்துப் பார்ப்பார்கள்.

தோலுக்கு ஃபர் துணி அல்லது லேடெக்ஸ். ஃபர் துணியைப் பின்புறமிருந்து பிளேடால் அடித்துணியை மட்டும் கீற வேண்டும். கத்தரி போட்டால் முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு தையல் தெரியும். முடி சாயும் திசையை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக வைத்து, தைத்தபின் தையலில் சிக்கிய முடியை ஊசியால் எடுத்து வாரிவிட்டால் இணைப்பு மறையும். பூத முகங்களுக்கு லேடெக்ஸ் அழகாக இருக்கும். ரப்பர் நாட்டிலேயே இருக்கிறோம், தோட்டத்துப் பாலையே பூசலாமே என்று தோன்றும். மரத்திலிருந்து இறக்கிய பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர் இருக்கும். மேலும் அது வல்கனைஸ் (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி வலுவூட்டுவது) ஆகாதது என்பதால் காய்ந்த பின்னும் பிசுபிசுத்து வலுவின்றிக் கிடக்கும். பலூனுக்கும் கையுறைக்கும் பயன்படும், முன்பே வல்கனைஸ் செய்த, 60 சதவீதச் செறிவுள்ள லேடெக்ஸை வாங்க வேண்டும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொட்டால் மயிர்கள் ஒட்டிக்கொள்ளாது. மெல்லிய பூச்சுகளாகப் பூசி ஒவ்வொன்றையும் காயவைத்து, கடைசியில் டால்கம் பவுடர் தூவ வேண்டும். எண்ணெய், வெயில், செம்பு மூன்றும் லேடெக்ஸுக்குப் பகை; காதில் செம்புக் கம்பி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிலருக்கு ரப்பர் ஒவ்வாமை உண்டு, அளவெடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இனி காற்று. உள்தொப்பியை மண்டையோடு முழுவதுமாக ஒட்டிவிடாமல், நான்கு இடங்களில் மட்டும் ஃபோம் கட்டைகளால் தாங்க வைக்கிறோம். இடையில் காற்று ஓட வழி கிடைக்கும். சூடான காற்று மேலே போகும் என்பதால் காதுக்குப் பின்னால் அல்லது பிடரி மயிருக்கு அடியில் துளை விட்டு, அங்கே 5 வோல்ட்டில் ஓடும் சிறு கணினி விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி வைத்தால், புதுக் காற்று வாய் வழியாக வந்து முகத்தைத் தொட்டுக்கொண்டு மேலேறும். விசிறியின் இரைச்சல் செண்டை மேளத்தில் கேட்கப்போவதில்லை. இத்தனை செய்தும் ஈரமான உச்சிவெயிலில் 15, 20 நிமிடத்துக்கு மேல் ஒருவரை உள்ளே வைப்பதில்லை. மாற்று ஆள் இல்லாத கமிட்டிக்கு நாங்கள் தலையை வாடகைக்குக் கொடுப்பதில்லை. இதனால் ஆர்டர் போனதும் உண்டு. கூடவே நடக்க ஒருவர் வேண்டும், ஏனெனில் உள்ளே இருப்பவருக்குத் தம் கால் தெரியாது, படி தெரியாது, குறுக்கே வரும் குழந்தை தெரியாது. பேச்சுக் கேட்காது என்பதால் தொடுகுறிகளை முன்பே பேசிவைத்துக்கொள்கிறார்கள்: தோளில் ஒரு தட்டு நில், இரண்டு தட்டு படி வருகிறது, கையை அழுத்தினால் வெளியே வா. உள்ளிருப்பவர் இரு கையையும் தலைமேல் வைத்தால், அது என்ன இடமானாலும், கூட நடப்பவர் தலையைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு வசதியாகத் தாடைக்கடியில் முடிச்சுப் போடுவதில்லை, ஒட்டுப் பட்டைதான்.

ஃபோமும் ஃபர் துணியும் எளிதில் தீப்பிடிப்பவை, உருகிச் சொட்டும், பாலியூரித்தேன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். பூரத்தில் தீவட்டியும் வாணவேடிக்கையும் இருக்கின்றன. எனவே தீவட்டி வரிசைக்குப் பின்னால் அல்ல, அதிலிருந்து நன்றாகத் தள்ளி வேஷங்களை நிறுத்தும்படி எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

திரும்பி வந்த தலையை உடனே கவிழ்த்து, உள்ளே மின்விசிறிக் காற்று படும்படி நிழலில் வைக்க வேண்டும். வியர்வை ஊறிய ஃபோமில் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்தாலோ ஃபோம் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். வியர்வை படும் உள்துணியைக் கழற்றித் துவைக்கும்படி பட்டன் வைத்துத் தைப்பதும், ஒவ்வொருவருக்கும் தனிப் பருத்தித் தலைக்குல்லா கொடுப்பதும் சிறு செலவுதான். கட்டைவிரலால் அமுக்கிய பள்ளம் மெல்ல எழுந்தால் அந்தத் தலை அடுத்த ஆண்டுக்கும் ஆகும். எழாமல் மாவாக உதிர்ந்தால் ஃபர் துணியையும் பற்களையும் பிரித்து எடுத்துவைத்துவிட்டு, ஃபோமை இணைப்புகளோடு வெட்டி விரித்து, அடுத்த மண்டைக்கான வடிவத்தாளை அதிலிருந்தே வரைந்துகொள்கிறோம். போட்டவர்கள் எங்கே இடிக்கிறது என்று சொன்னதையெல்லாம் அந்தத் தாளின் ஓரத்தில் குறித்துவைப்பது மூத்தவரின் வேலை.